கார்த்திகைக் குட்டிகள்: செம்மறி ஈத்துக் காலம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐப்பசி கடைசியிலிருந்து தை வரைக்கும் எனக்கு வரும் போன்களில் பாதி இந்தக் கேள்விகள்தான். புதிதாக நாலைந்து ஆடு வாங்கிக் கட்டியவர்கள், டவுன் வேலையை விட்டுவிட்டுப் பட்டி போட்டவர்கள், அப்புறம் ராத்திரி 2 மணிக்கு "அண்ணா, கால் மட்டும் தெரியுது, இழுக்கட்டுங்களா?" என்று பதறும் ஒரு பங்காளி வீட்டுத் தம்பி. எல்லோருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

எங்களுடையது சின்னப் பட்டி. காங்கேயத்துக்குத் தெற்கே, தாராபுரம் பக்கம், 9 ஏக்கர் கொறங்காடு. 32 மேச்சேரிப் பெட்டைகள், 2 கிடாய்கள். நான் கால்நடை மருத்துவர் இல்லை. மருத்துவரை எப்போது கூப்பிட வேண்டும் என்பதை நாலைந்து உருப்படிகளை இழந்து கற்றுக்கொண்டவன், அவ்வளவுதான்.

கொறங்காடு என்றால் என்ன?

மேய்ச்சலுக்கென்றே விட்டுவைத்த வேலி அடைத்த புன்செய்க் காடு. சுற்றிலும் முள்கிளுவை உயிர்வேலி, தரையில் கொழுக்கட்டைப் புல், இடையிடையே வெள்வேல மரம். காங்கேயம், தாராபுரம், மூலனூர், கரூர் பக்கம் இது தலைமுறை தலைமுறையாக இருக்கிறது. உழவும் இல்லை, பாசனமும் இல்லை. மழை பெய்தால் புல், இல்லாவிட்டால் வெள்வேலங்காய். வெயில் காலத்தில் அந்தக் காய் உதிர்ந்து விழுவதைப் பொறுக்கித்தான் ஆடுகள் உடம்பைக் காப்பாற்றிக்கொள்ளும். வேலி கெட்டியாக இருந்தால் மேய்க்க ஆளே வேண்டியதில்லை, ஆட்டை உள்ளே விட்டு படலைச் சாத்திவிட்டு நம் வேலையைப் பார்க்கலாம்.

ஏன் மேச்சேரி ஆடு?

ஊர் ஆடு, ஊர் வெயில். செம்பழுப்பு நிறம், உடம்பில் ரோமம் கத்தரிக்க வேண்டிய அளவுக்கு இருக்காது, கிடாய்க்கும் பெட்டைக்கும் கொம்பு கிடையாது, வால் ஒரு விரல் நீளம்தான். சேலம் மாவட்டம் பொட்டனேரியில் இந்த இனத்துக்கென்றே அரசு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, கிடாய் மாற்ற வேண்டுமென்றால் அங்கே கேட்டுப் பார்க்கலாம். தோலுக்கு நல்ல பேர் உண்டு. குட்டி பிறக்கும்போது இரண்டு, இரண்டரை கிலோதான் இருக்கும், அதனால் பிரசவச் சிக்கல் குறைவு. கொம்பு இல்லாததும் ஈத்துக் காலத்தில் எவ்வளவு நிம்மதி என்பது நெருக்கமாகக் கட்டிய பட்டியில் நின்று பார்த்தால்தான் தெரியும்.

குட்டி போடும் மாதத்தை நீங்கள் தீர்மானிக்கிறீர்களா, ஆடு தீர்மானிக்கிறதா?

பாதிப் பாதி. குளிர் நாட்டு ஆடுகளைப் போல வருஷத்தில் ஒரே ஒரு பருவத்தில்தான் சேரும் என்ற கட்டாயம் நம் ஆடுகளுக்குக் கிடையாது. கிடாய் எப்போதும் கூடவே திரிந்தால் வருஷம் பூராவும் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குட்டி விழும். சித்திரை வெயிலில் விழுந்த குட்டியைப் பார்த்திருக்கிறீர்களா? தாய்க்குப் பால் இருக்காது, குட்டி எலும்பும் தோலுமாக நிழல் தேடிக்கொண்டிருக்கும். அதனால் நாங்கள் கிடாயைத் தனியாகக் கட்டி வைத்து, ஆனி நடுவில் மழை வாசம் வந்து புல் தலை நீட்டியதும் உள்ளே விடுகிறோம். செம்மறிக்குச் சினைக்காலம் 147 நாள், முன்னே பின்னே ஐந்து நாள். ஜூலை 1-ஆம் தேதி சேர்ந்த ஆடு நவம்பர் 25 வாக்கில் ஈனும். அந்த நேரம் வடகிழக்குப் பருவமழையில் கொழுக்கட்டைப் புல் முழங்கால் உயரம் நிற்கும், தாய்க்குப் பால் தானாக இறங்கும்.

இதில் ஒரு வம்பும் உண்டு. அதே மழையும் பனியும்தான் குட்டிக்குச் சளி பிடிக்க வைக்கும். புல் வேண்டுமா, காய்ந்த தரை வேண்டுமா என்றால் நான் புல்லைத்தான் எடுத்துக்கொள்வேன். ஈரத்துக்குக் கூரை போடலாம், பால் இல்லாத மடிக்கு என்ன போடுவது?

எந்த ஆடு எந்த நாளில் சேர்ந்தது என்று எப்படித் தெரியும்?

செங்காவியை எண்ணெயில் குழைத்துக் கிடாயின் நெஞ்சில் பூசிவிடுங்கள். சேர்ந்த ஆட்டின் பின்புறம் சிவப்பாகிவிடும். காலையில் பட்டி திறக்கும்போது பார்த்து நோட்டில் குறித்துக்கொள்ளலாம். செம்மறி பருவத்துக்கு வரும் சுற்று 17 நாள். அதனால் 17 நாள் கழித்து நிறத்தை மாற்றி நீலமோ பச்சையோ பூச வேண்டும். சிவப்புக்கு மேல் நீலம் விழுந்தால் முதல் தடவை சினை நிற்கவில்லை. மூன்றாவது நிறமும் விழுந்தால் ஆட்டிலோ கிடாயிலோ ஏதோ கோளாறு. பல ஆடுகளில் அப்படி என்றால் கிடாயில்தான் கோளாறு. ஒரு கிடாய்க்கு 25, 30 பெட்டைக்கு மேல் விடாதீர்கள். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை கிடாயை மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் தன் மகளையே சேரும், குட்டிகள் சொங்கிப்போகும்.

என் அப்பாருக்கு இந்தக் காவியெல்லாம் தேவைப்படவில்லை. ஆட்டின் நடையைப் பார்த்தே சொல்வார். எனக்கு அந்தக் கண் வாய்க்கவில்லை, நோட்டு வாய்த்தது.

சினை ஆட்டுக்கு என்ன தீனி, எவ்வளவு?

முதல் மூன்று மாதம் ஒன்றும் விசேஷமாக வேண்டாம். மேய்ச்சல் போதும். வயிற்றுக் குட்டியின் எடையில் கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கு கடைசி 6 வாரத்தில்தான் ஏறுகிறது. பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்: சினை என்று தெரிந்த சந்தோஷத்தில் முதலில் கொட்டித் தின்ன வைத்துவிட்டு, கடைசியில் மழை வந்துவிட்டது, புல் இருக்கிறது என்று விட்டுவிடுவார்கள். மழைப் புல்லில் முக்கால்வாசி தண்ணீர். குட்டி வயிற்றை அடைத்துக்கொண்டிருக்கும்போது அந்தப் புல்லை அவ்வளவு தின்ன அதன் வயிற்றில் இடமும் இருக்காது.

கடைசி ஆறு வாரம் நாங்கள் ஓர் ஆட்டுக்கு ஒரு நாளைக்கு 200 முதல் 250 கிராம் அடர்தீவனம் வைக்கிறோம்: உடைத்த மக்காச்சோளம் அல்லது கம்பு, கடலைப் பிண்ணாக்கு, கோதுமைத் தவிடு, ஒரு பிடி தாது உப்புக் கலவை மொத்த மூட்டைக்கும் சேர்த்து. இரண்டு வேளையாகப் பிரித்து வைக்க வேண்டும். கூடவே வேலிமசாலோ கடலைக்கொடியோ இருந்தால் நல்லது. திடீரென்று ஏற்றக் கூடாது, பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். அப்புறம், கல்யாண வீட்டில் மிஞ்சிய சோறு இருக்கிறது, ஆட்டுக்குப் போடட்டுமா என்று யாராவது அன்பாகக் கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வயிறு புளித்து, உப்பி, ஒரே ராத்திரியில் செத்துப்போகும். எங்கள் பட்டியில் அப்படிப் போனது இரண்டு, இரண்டும் நிறைசினை.

இன்னொன்று. கடைசி மாதத்தில் ஓர் ஆடு தீனி எடுக்காமல், தனியாக நின்று, தலையைச் சுவரில் முட்டிக்கொண்டு, கண் தெரியாதது போலத் தடுமாறினால் அது சும்மா மந்தம் இல்லை. வயிற்றில் இரட்டைக் குட்டி இருந்து தீனி போதாமல், தன் உடம்புக் கொழுப்பையே கரைத்து அந்த நஞ்சு ஏறியிருக்கிறது என்று அர்த்தம். வெல்லத்தைக் கரைத்து மெதுவாகப் புகட்டிவிட்டு உடனே மருத்துவரைக் கூப்பிடுங்கள். அது படுத்த பிறகு கூப்பிட்டால் பெரும்பாலும் பலன் இருக்காது.

தடுப்பூசி, பூச்சி மருந்து?

துள்ளுமாரி (குடல் நச்சு நோய்) தடுப்பூசி முக்கியம். மழைக்குப் பின் இளம்புல்லை வயிறு முட்ட மேய்ந்த நல்ல கொழுத்த ஆடும் குட்டியும்தான் இதில் போகும், நோஞ்சான் போகாது. ஈனுவதற்கு ஒரு மாதம் முன்பு தாய்க்குப் போட்டால் அந்த எதிர்ப்புச் சக்தி சீம்பால் வழியாகக் குட்டிக்கும் போகிறது. ஓர் ஊசியில் இரண்டு உயிர் என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஆட்டுக்கொல்லி நோய்த் தடுப்பூசியைக் குட்டிக்கு மூன்று, நான்கு மாதம் ஆன பிறகு போடுவார்கள்.

வயிற்றுப் பூச்சி மருந்தில் ஓர் எச்சரிக்கை: ஆல்பெண்டசோலைச் சினையின் முதல் மாதத்தில் கொடுக்கக் கூடாது, கருவைப் பாதிக்கும். கிடாய் விடுவதற்கு முன்பே கொடுத்து முடித்துவிடுங்கள்.

இன்றைக்கு ஈனும் என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது?

மடி பெருப்பதை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். பழைய ஆடு மூன்று வாரம் முன்பே மடி விடும், முதல் தடவை ஈனும் தலையீத்து ஆடு சில சமயம் குட்டியைப் போட்ட பிறகுதான் மடி விடும். நான் பார்ப்பது இடுப்பை. வால் அடியில் இரண்டு பக்கமும் சதை தளர்ந்து குழி விழும், வயிறு கீழே இறங்கி விலாவுக்குப் பின்னால் பள்ளம் தெரியும். காம்பு விறைத்துப் பளபளக்கும். அன்றைக்கு மேய்ச்சலில் எல்லாம் ஒரு பக்கம் போக இது மட்டும் ஒரு வெள்வேல மரத்தடியில் நின்றுகொண்டு முன்காலால் தரையைப் பறிக்கும், படுக்கும், எழும், திரும்பித் தன் பின்புறத்தையே பார்க்கும். சிலது அடுத்த ஆட்டின் குட்டியைத் தன்னுடையது என்று நினைத்து நக்கிக்கொண்டு நிற்கும். அந்த ஆட்டை உடனே பிரித்துத் தனிப் படலுக்குள் விடுங்கள், இல்லாவிட்டால் திருட்டுக் குட்டிக்குப் பால் கொடுத்துவிட்டு, தன் குட்டி வந்ததும் ஒன்றை உதைக்கும்.

தனிப் படல் 5 அடிக்கு 5 அடி போதும். காய்ந்த சோளத்தட்டோ வைக்கோலோ தரையில் கனமாகப் போடுங்கள்.

அமாவாசையிலும் மழை ராத்திரியிலும்தான் அதிகம் ஈனுமாமே?

என் நோட்டில் அப்படி ஒன்றும் இல்லை. மழை ராத்திரியில் நாம் நனைந்துகொண்டு லைட் அடித்துப் பார்த்திருப்போம், அது மறக்காது. மத்தியானம் 11 மணிக்கு நல்ல வெயிலில் யாருக்கும் தொந்தரவு கொடுக்காமல் ஈன்ற ஆட்டை யார் ஞாபகம் வைத்துக்கொள்கிறார்கள்?

ஈனும்போது நான் என்ன செய்ய வேண்டும்?

பத்தடி தள்ளி உட்கார வேண்டும். டீ குடிக்கலாம்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. இருபது ஆட்டில் பத்தொன்பது தானே ஈன்றுவிடும். நான் இந்த வேலைக்கு வந்த முதல் வருஷம் எல்லாவற்றிலும் கை வைத்தேன். கால் தெரிந்தால் இழுத்தேன், குட்டி விழுந்ததும் துண்டால் பளிச்சென்று துடைத்தேன், தாயிடம் கொண்டுபோய் முகத்தில் நீட்டினேன். விளைவு, ஐந்து ஆடுகள் குட்டியைச் சேர்க்கவில்லை, இரண்டு ஆட்டுக்குக் கருப்பையில் சீழ் பிடித்தது. குட்டியின் மேல் இருக்கும் அந்த வழவழப்பும் வாசமும்தான் தாய்க்கும் குட்டிக்கும் உள்ள அடையாள அட்டை, அதைத் துடைத்துவிட்டு என் சோப்பு வாசத்தை ஏற்றி வைத்தால் அது எப்படித் தன் குட்டி என்று நம்பும்? இப்போது நான் செய்வது ஒன்றுதான்: மணி பார்ப்பது.

முதல் கட்டத்தில், அதாவது அமைதியில்லாமல் படுத்து எழுகிற நேரத்தில், நாலைந்து மணி நேரம்கூட ஆகலாம். தலையீத்து என்றால் இன்னும் இழுக்கும். தண்ணீர்க்குடம் உடைந்து உண்மையாக முக்க ஆரம்பித்த பிறகு ஒரு மணி நேரத்துக்குள் குட்டி வந்துவிட வேண்டும்.

சரி, எப்போதுதான் கை வைப்பது?

அரைமணி நேரம் கடுமையாக முக்கியும் ஒன்றும் நகரவில்லை என்றால். அல்லது ஒரே ஒரு கால் மட்டும், தலை மட்டும், வால் மட்டும் தெரிந்தால். சரியான நிலை எது என்றால், இரண்டு முன்னங்கால்கள் முன்னால், அதன் மேல் மூக்கு, நீச்சலுக்குக் குதிக்கிற பையன் மாதிரி.

நகத்தை ஒட்ட வெட்டி, முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவி, கையுறை போட்டு, வழுக்குவதற்குச் சுத்தமான தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டுதான் உள்ளே விட வேண்டும். முதல் வேலை, பிடித்திருப்பது முன்னங்காலா பின்னங்காலா என்று கண்டுபிடிப்பது. குளம்பிலிருந்து மேலே தடவிக்கொண்டே போங்கள்: முதல் இரண்டு மூட்டும் ஒரே பக்கம் மடங்கினால் முன்னங்கால், எதிரெதிராக மடங்கினால் பின்னங்கால். இரண்டு காலும் ஒரே குட்டியுடையதா என்று நெஞ்சு வரை தடவிப் பார்க்காமல் இழுக்கவே கூடாது, இரட்டையில் ஒன்றின் காலும் மற்றதன் காலும் சேர்ந்து வந்து நம்மை ஏமாற்றும். பின்னங்கால் இரண்டும் வந்தால் திருப்பப் பார்க்காதீர்கள், அப்படியே எடுக்கலாம், ஆனால் இடுப்பு வெளியே வந்த பிறகு தாமதிக்காமல் எடுங்கள். தொப்புள்கொடி நசுங்கி, தலை உள்ளேயே இருக்கும்போது குட்டி மூச்சிழுத்துவிடும்.

ஆடு முக்கும்போது மட்டும், அதன் பின்கால் பக்கமாகக் கீழ்நோக்கி இழுக்க வேண்டும். பத்து நிமிடம் முயன்றும் புரியவில்லை என்றால் நிறுத்திவிட்டு மருத்துவரைக் கூப்பிடுங்கள். 1962 என்ற எண்ணில் அரசின் கால்நடை ஆம்புலன்ஸ் இருக்கிறது. அவர் வருவதற்குள் இன்னும் நாலு பேர் கை விட்டுப் பார்க்கலாம் என்று மட்டும் இறங்காதீர்கள். கிராமத்தில் ஆட்டைச் சுற்றிக் கூட்டம் கூடினால் ஆளுக்கு ஒரு வைத்தியம் வரும்.

குட்டி விழுந்தது, மூச்சு இல்லை. என்ன செய்வது?

வாயிலும் மூக்கிலும் இருக்கும் சளியை விரலால் வழித்து எடுங்கள். ஒரு வைக்கோல் துரும்பை மூக்குத் துவாரத்தில் விட்டுக் குடையுங்கள், தும்மினால் பிழைத்தது. சாக்கை வைத்து நெஞ்சுக்கூட்டைப் பலமாகத் தேயுங்கள், ஆட்டு நாக்கு என்ன மென்மையாகவா இருக்கிறது, அந்த மாதிரி. பின்னங்காலைப் பிடித்துச் சுழற்றுவது பழைய வழக்கம், நானும் செய்திருக்கிறேன், ஒரு முறை கை வழுக்கிக் குட்டி படலைத் தாண்டிப் போய் விழுந்தது. பிழைத்துக்கொண்டது. அதற்குப் பிறகு நான் சுழற்றுவதில்லை.

தொப்புள்கொடிக்கு என்ன போடுவது?

டிங்ச்சர் அயோடின். இரண்டு விரற்கடை விட்டு, நீளமாக இருந்தால் நூலால் கட்டி வெட்டிவிட்டு, ஒரு சின்ன மூடியில் மருந்தை ஊற்றிக் கொடியை அதில் முக்கி எடுங்கள். பஞ்சால் தொட்டு வைப்பது போதாது. மஞ்சள், சாணி, சாம்பல் வேண்டாம். கொடி வழியாகக் கிருமி ஏறினால் பத்துப் பதினைந்து நாள் கழித்து முழங்கால் வீங்கி நொண்டும், அப்போது காரணம் யாருக்கும் ஞாபகம் இருக்காது. ஈரக் கொடியைக் காக்கை கொத்தும், அதனால் முதல் நாள் கூரைக்கு அடியிலேயே இருக்கட்டும்.

சீம்பால் எவ்வளவு, எப்போது?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். செம்மறிக் குட்டி தாயின் வயிற்றில் இருக்கும்போது எதிர்ப்புச் சக்தி எதுவும் அதற்குப் போவதில்லை. எல்லாம் சீம்பால் வழியாகத்தான். அதுவும் குட்டியின் குடல் அந்தச் சத்தை அப்படியே உறிஞ்சிக்கொள்வது முதல் சில மணி நேரம்தான். நேரம் போகப் போகக் குறைந்து ஒரு நாளில் கதவு மூடிவிடும். அப்புறம் குடிப்பது வெறும் சத்துணவு.

எனவே முதல் ஒரு மணி நேரத்துக்குள் ஒரு வாயாவது, முதல் நாளுக்குள் குட்டி எடையில் பத்தில் ஒரு பங்கு. இரண்டரை கிலோ குட்டி என்றால் 250 மில்லி, ஐந்து தடவையாக. நல்ல குட்டி அரைமணியில் எழுந்து நின்று முட்டி மோதித் தேடிக் குடித்துவிடும். நீங்கள் செய்ய வேண்டியது காம்பு இரண்டையும் ஒரு முறை பீய்ச்சிப் பார்ப்பது. நுனியில் மெழுகு மாதிரி அடைப்பு இருக்கும், அதை எடுத்துவிடாவிட்டால் குட்டி சப்பிக்கொண்டே இருக்கும், ஒன்றும் வராது. வால் வேகமாக ஆடினால் பால் போகிறது. கையால் வயிற்றைத் தொட்டால் நிறைந்திருப்பது தெரியும்.

பால் அதிகமுள்ள ஆட்டில் கொஞ்சம் பீய்ச்சிச் சின்ன பாட்டிலில் ஃப்ரீசரில் வைத்துக்கொள்ளுங்கள். தேவைப்படும்போது வெதுவெதுப்பான தண்ணீரில் பாட்டிலை வைத்து இளக்க வேண்டும், அடுப்பில் வைத்துக் காய்ச்சினால் உள்ளிருக்கும் சக்தி போய்விடும். எதுவும் இல்லையென்றால் வெள்ளாட்டுச் சீம்பால், மாட்டுச் சீம்பாலும் ஆகும். எங்கள் வீட்டில் மாட்டுச் சீம்பாலை வெல்லம் போட்டுக் கிண்டுவதற்கு முன் ஒரு டம்ளர் எனக்கு எடுத்து வைத்துவிட வேண்டும் என்பது கார்த்திகை மாதச் சட்டம். பிள்ளைகளுக்குக் கோபம்தான்.

குளிரில் விறைத்துக் கிடக்கிறது. பால் புகட்டலாமா?

விரலை அதன் வாய்க்குள் விட்டுப் பாருங்கள். வாய்க்குள் சில்லென்று இருந்தால் பால் வேண்டாம். தலை நிற்காத குட்டிக்குப் பாலை ஊற்றினால் நேராக நுரையீரலுக்குப் போகும். முதலில் துடைத்து, சாக்கில் சுற்றி, 60 வாட் குண்டு பல்புக்குக் கீழே ஓர் அட்டைப் பெட்டியில் வையுங்கள். தலை தூக்கி, வாய் சூடேறி, விரலைச் சப்ப ஆரம்பித்த பிறகு பால். பல்பு வைக்கோலைத் தொடாமல் இருக்கிறதா என்று இரண்டு முறை பாருங்கள்.

தாய் குட்டியைச் சேர்க்கவில்லை. உதைக்கிறது.

தலையீத்து ஆடுகளில் இது சகஜம். முதலில் மடியைப் பாருங்கள், சூடாகக் கல் மாதிரி இருந்தால் அது வலியில் உதைக்கிறது, மடிநோய்க்கு மருத்துவம் பார்க்க வேண்டும். மடி சரியாக இருந்தால் இரண்டையும் தனிப் படலில் அடைத்து, ஆட்டின் தலையைக் குட்டையாகக் கட்டிவிட்டுக் குட்டியை ஒரு நாளைக்கு ஐந்தாறு முறை விடுங்கள். குட்டியின் முதுகில் கொஞ்சம் உப்புத்தண்ணீர் தெளித்தால் நக்க ஆரம்பிக்கும். பெரும்பாலானவை மூன்று நாளில் வழிக்கு வரும்.

குட்டி செத்த தாய்க்குத் தாயில்லாக் குட்டியைச் சேர்க்க வேண்டுமென்றால், செத்த குட்டியின் தோலை உரித்து மற்றதன் மேல் சட்டை மாதிரிப் போர்த்திவிடுவார்கள். மாட்டுக்கு வைக்கோல் கன்று காட்டுவதுபோலத்தான். இரண்டு மூன்று நாளில் தோலை எடுத்துவிடலாம், அதற்குள் பால் வாசம் ஒன்றாகியிருக்கும். கேட்கக் கொடுமையாக இருக்கும், ஆனால் நடக்கிறது.

புட்டிப்பால் கொடுத்து வளர்ப்பது சுலபமா?

சுலபம் இல்லை. முதல் வாரம் ராத்திரி சேர்த்து ஐந்தாறு வேளை. ஒரு நாளைக்கு உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போக வேண்டாம். பால் உடல் சூட்டில் இருக்க வேண்டும், பாட்டில் கொதிநீரில் கழுவியதாக இருக்க வேண்டும். செம்மறிப் பால் மாட்டுப் பாலைவிடக் கொழுப்பானது என்பதால், மாட்டுப் பால் கொடுத்தால் அதில் தண்ணீர் கலக்காதீர்கள். குட்டி நின்றுகொண்டு தலையைத் தூக்கிக் குடிக்கட்டும், குழந்தையைப் போல மடியில் மல்லாத்திப் போட்டுக் கொடுப்பது போட்டோவுக்கு நன்றாக இருக்கும், குட்டிக்கு ஆகாது.

நஞ்சுக்கொடி விழவில்லை, இழுத்துவிடலாமா?

இழுக்காதீர்கள். வழக்கமாக இரண்டு மூன்று மணி நேரத்தில் விழும். 12 மணி நேரம் தாண்டினால் மருத்துவர். விழுந்ததை ஆழமாகப் புதையுங்கள். மாட்டுக் கொடியை ஆலமரத்தில் கட்டுகிற மாதிரி ஆட்டுக்கு யாரும் கட்டுவதில்லை. மேலாகப் போட்டால் நாய்க்கு ருசி தெரிந்துவிடும், அடுத்து வருவது குட்டிக்கு.

மேச்சேரியில் இரட்டைக் குட்டி போடுமா?

அபூர்வமாக. ஒன்றுதான் வழக்கம். இரட்டை வேண்டுமென்பவர்கள் மகாராஷ்டிரத்தில் பல்டணில் உருவாக்கிய நாரி சுவர்ணா பக்கம் போகிறார்கள். வங்காளத்துச் சுந்தரவனப் பக்கத்துக் காரோல் ஆட்டில் இருக்கும் இரட்டைக்கான மரபணுவைத் தக்காணி ஆட்டில் ஏற்றி அதை உருவாக்கினார்கள். கொட்டிலில் தீனி வைத்து வளர்ப்பவருக்கு அது சரி. மழையை நம்பிய கொறங்காட்டில் இரண்டு நோஞ்சானைவிட ஒரு நல்ல குட்டியே மேல் என்பது என் கட்சி, சண்டைக்கு வருபவர்கள் வரலாம்.

நாலாவது மாதம் குட்டி வீசிவிட்டது (கரு கலைந்துவிட்டது). கவலைப்பட வேண்டுமா?

ஒன்று என்றால் முட்டு வாங்கியிருக்கலாம். அடுத்தடுத்து இரண்டு மூன்று என்றால் நோய். வீசிய குட்டியையும் கொடியையும் வெறும் கையால் தொடாதீர்கள், மருத்துவரிடம் காட்டிப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். சில கிருமிகள் மனிதருக்கும் தொற்றும். முக்கியமாக, வீட்டில் கர்ப்பிணிகள் இருந்தால் ஈத்துக் காலத்தில் பட்டிப் பக்கமே வர வேண்டாம், குட்டி எவ்வளவு அழகாக இருந்தாலும். என் தங்கை ஒரு கார்த்திகை முழுக்க வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுதான் பார்த்தாள்.

ராத்திரி நாய்த் தொல்லைக்கு என்ன செய்கிறீர்கள்?

எங்கள் பகுதியில் இப்போது நோயைவிடப் பெரிய பயம் தெருநாய்க் கூட்டம்தான். முன்பு நரிக்குப் பயந்தவர்கள் கிளுவை வேலி போட்டார்கள், அது போதுமாக இருந்தது. கூட்டமாக வரும் நாய்க்கு அது போதவில்லை. ஈனும் ஆடுகளையும் குட்டிகளையும் ராத்திரி வீட்டை ஒட்டிய கம்பிவலைப் பட்டிக்குக் கொண்டுவந்துவிடுகிறோம், வலையின் அடியை ஓர் அடி மண்ணுக்குள் புதைத்திருக்கிறோம். காங்கேயம், வெள்ளகோயில் பக்கமெல்லாம் இதற்கு நஷ்டஈடு கேட்டு விவசாயிகள் சாலைக்கு வந்தது பத்திரிகையில் பார்த்திருப்பீர்கள். ஒரே ராத்திரியில் பத்து உருப்படி போனால் ஒரு சின்னப் பட்டிக்காரனுக்கு அந்த வருஷமே போயிற்று.

குட்டிகள் எப்போது புல் தின்னும், எப்போது விற்பீர்கள்?

இரண்டு வாரத்தில் கொறிக்கப் பழகும். அகத்திக் கொத்து ஒன்றை அதன் மூக்குக்கு நேராகக் கட்டித் தொங்கவிடுங்கள். மண் நக்கினால் தாது உப்புக் கட்டி தொங்கவிடுங்கள். ஒரு மாதம் தாண்டியதும் பூச்சி மருந்து. மூன்று மாதத்தில் பால்குடி மறக்கடித்துவிடுவோம். நல்ல பெட்டைகளை நிறுத்திக்கொண்டு கிடாய்க் குட்டிகளைக் கன்னிவாடிச் சந்தைக்கு ஓட்டுவது வைகாசி, ஆனி வாக்கில், ஆடி நோன்புக்கு முன்னால். பக்ரீத்துக்கு நல்ல விலை கிடைக்கும், ஆனால் அது வருஷத்துக்குப் பத்துப் பதினோரு நாள் முன்னால் நகர்ந்துகொண்டே போகும், அதை நம்பிக் கிடாய் விடும் தேதியை மாற்றினால் மழையோடு சண்டை போட வேண்டும்.

குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு பார்க்க வரலாமா?

வாங்க. ஆனால் ஈனும்போது வேண்டாம், மார்கழி பாதிக்கு மேல் சாயங்காலம் ஐந்தரை மணிக்கு வாங்க. பகலெல்லாம் குட்டிகளைப் படலுக்குள் அடைத்துவிட்டுத் தாய்களை மட்டும் மேய்ச்சலுக்கு விட்டிருப்போம். திரும்பி வரும் தாய்கள் வேலி முனையிலேயே கத்த ஆரம்பிக்கும், உள்ளே இருந்து குட்டிகள் பதில் கத்தும், படலைத் திறந்ததும் ஐந்து நிமிடத்துக்குப் பக்கத்தில் நிற்பவர் பேசுவது காதில் விழாது. அவசரத்தில் தாய் மாறிப் போகிற குட்டி ஒரு முட்டு வாங்கிக்கொண்டு அடுத்த மடிக்கு ஓடும், அங்கே ஒன்று, அப்புறம் சரியான இடத்துக்குப் போய்ச் சேரும். பிறகு ஒரேயடியாகச் சத்தம் நின்று, வால்கள் மட்டும் ஆடிக்கொண்டிருக்கும். செருப்பைக் கழுவிவிட்டு உள்ளே வாருங்கள்.